பதினாறு பக்கங்கள்

தார்த்துவில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
எமயோகி ஆறு உறைந்து கிடக்கிறது, அதன்மேல்
யாரோ சைக்கிள் ஓட்டிப் போன தடம்.
உள்ளே நான் ஒரு குழாயின் முன்னால்.

குழாய் என்று பெயர்தான்.
வளைவில்லை, துருவில்லை, தட்டினால் ஓசையில்லை.
கெர்னலின் நினைவில் பதினாறு பக்கங்கள், வட்டமாக.
பக்கத்துக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
ஒரு நிரல் தலையில் எழுதும்
இன்னொன்று வாலில் வாசிக்கும்
தலையை வால் துரத்தும், வாலைத் தலை.
நிறைந்துவிட்டால் எழுதுகிறவன் தூங்க வேண்டும்.
பதினாறும் பெற்றவனுக்கு இங்கே
பெருவாழ்வு கிடையாது,
கட்டாய உறக்கம்;
வாசிக்கிறவன் ஒரு பக்கத்தைக் காலிசெய்து
தோளைத் தொட்டு எழுப்பும்வரை.

சாரெமா தீவின் வானிலை ராடார்
மேகத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது.
ஒரு நிரல் ஏந்த, அடுத்தது சுருக்க,
நடுவில் இந்தக் குழாய்.
அளந்து பார்த்தேன்.
நூறு நொடியில் அறுபத்தொன்று
நகலெடுப்பதிலேயே போகிறது.
அவனிடமிருந்து கெர்னலுக்கு ஒரு நகல்
கெர்னலிலிருந்து இவனுக்கு இன்னொன்று.
ஒரே மழையை
இரண்டு தடவை பெய்ய வைத்துக்கொண்டிருந்தோம்.

"தூக்காதே லீவிகா, சுட்டிக்காட்டு" என்றான் ஐமார்.
கோப்பின் பக்கம் ஏற்கெனவே நினைவில் கிடக்கிறது.
கிடக்கட்டும்.
வளையத்தின் கட்டத்தில்
'அதோ, அங்கே' என்று குறித்துவை.
வைத்திருப்போர் கணக்கில் ஒன்றைக் கூட்டு.
பக்கம் இம்மியும் பெயராது.
பெயர் மட்டும் பெயரும்.

அன்றிரவே எழுதி முடித்தான்.
ஓட்டினோம்.
அறுபத்தொன்று நாலாயிற்று.
இயந்திரத்தின் விசிறி மூச்சடங்கியதில்
பக்கத்து அறைக் கடிகாரம் கேட்டது,
அங்கே கடிகாரம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மூன்று வாரம் கழித்துத் தீவிலிருந்து மாரிகா.
தூங்காத குரல்.
"ஜனவரிப் புயலின் கோப்பு.
யாரும் எழுத முடியாதபடி பூட்டி வைத்தது.
அதற்குள்
இன்று காலையின் காற்று வேகம் இருக்கிறது."
யார் தொட்டது என்றேன்.
"அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன்."

நான்கு இரவுகள்.
இயந்திரத்தை அணைத்து எழுப்பினால் கறை மறைந்துவிடும்,
வட்டில் புயல் பழையபடி சுத்தமாக இருக்கும்.
மறுநாள் மீண்டும் வரும், வேறு ஒரு பக்கத்தில்.
ஐமார் நினைவுச் சில்லைச் சந்தேகித்தான்
நான் ஐமாரைச் சந்தேகித்தேன்.

கட்டத்தில் முன்பு குடியிருந்தது சாதாரணப் பக்கம்.
போகும்போது ஒரு பலகையை விட்டுப் போயிருக்கிறது:
'இடம் மிச்சம், இங்கேயே தொடர்ந்து எழுதலாம்.'
புதிதாய் வந்ததோ புயலின் பக்கம்,
அதில் பாதியைத்தான் சுட்டியிருந்தோம்.
பலகையை யாரும் கழற்றவில்லை.
அடுத்து வந்த நிரல் நல்ல பிள்ளை,
பலகையைப் படித்து, மீதிப் பாதி காலியென்று நம்பி
இன்றைய காற்றை அங்கே எழுதிவிட்டது.
பூட்டு, கதவைக் காத்துக்கொண்டிருந்தது.
கதவு வழியாக யாரும் வரவில்லை.

திருத்தம் ஒரு வரி.
கட்டத்தைக் கொடுக்குமுன்
அதன் குறிகளைப் பூஜ்யமாக்கு.
ஐமார் தட்டச்சு செய்தான்,
சேமிக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு எழுந்து போய்
எனக்குக் காப்பி தரும் குவளையை
இரண்டு முறை கழுவினான்.

மணி ஐந்து.
மாரிகாவுக்குச் சொல்ல வேண்டும், விடியட்டும்.
தீவின் மேல் மேகமில்லை போலும்.
எழுதுகிறவன் இன்னும் வரவில்லை.
வாசிக்கிறவன் வெற்று வளையத்தருகே
தூங்குகிறான்,
புரளாமல், நேரம் பார்க்காமல்,
எழுப்புவார்கள் என்ற நம்பிக்கையில்.

எனக்கு அப்படி வராது.